1000 அனுப்பினால் -402456576 வருகிறது! ஸ்ட்ரக்ட்டை அப்படியே நெட்வொர்க்கில் தள்ளலாமா?

#1 மின்மினி

வணக்கம் மக்களே. ரெண்டு நாளா மண்டையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

உணர்கருவிப் பலகை ஒண்ணு. 32 பிட் பவர்பிசி, பழசு. அதுல ஓடுற சி ப்ரோக்ராம் அளவுகளை எடுத்து டிசிபி வழியா சர்வருக்கு அனுப்பணும். சர்வர் 64 பிட் லினக்ஸ், இன்டெல் ப்ராசசர். ரெண்டு பக்கமும் ஒரே ஹெடர் ஃபைல், ஒரே ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டைச் சேர்த்துக் கட்டின பதிவு). அங்கே அப்படியே ரைட், இங்கே அப்படியே ரீட்.

முதல் நாள் 1000 அனுப்பினா -402456576 வந்துச்சு. பைட் வரிசை தலைகீழ்னு தேடிப் பிடிச்சு, அளவு இருக்கிற ஃபீல்டுக்கு மட்டும் சர்வர்ல என்டிஓஎச்எல் (பைட் வரிசையைத் திருப்புற ஃபங்ஷன்) போட்டேன். இப்போ முதல் பதிவு சரி. ரெண்டாவது, மூணாவது குப்பை. நாலாவது சரி! அஞ்சு, ஆறு குப்பை, ஏழு சரி. 1, 4, 7, 10 மட்டும் ஒழுங்கா வருது. கேபிளை மாத்தினேன், ஸ்விட்சை மாத்தினேன், அதே கூத்து.

#2 கல்வெட்டு

கேபிளை விட்டுவிடுங்கள், அதன் மேல் குற்றமில்லை. உங்கள் ஸ்ட்ரக்ட்டில் கடைசி ஃபீல்டு 'லாங்' என்று அறிவித்திருக்கிறீர்கள், சரியா? முதலில் ஒரு 'சார்', பிறகு ஒரு 'இன்ட்', பிறகு 'லாங்'?

#3 மின்மினி

ஐயா, ஸ்ட்ரக்ட்டை நான் போடவே இல்லையே! வகை (சார்), அளவு (இன்ட்), நேரம் (லாங்). அச்சு அசலா அதேதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

#4 கல்வெட்டு

ஜோசியம் இல்லை, வகுத்தல் கணக்குதான். மூன்று வாசிப்புக்கு ஒருமுறை சரியாகிறது என்றால், நீங்கள் மூன்று வாசிக்கும் நேரத்தில் அங்கிருந்து முழு எண்ணிக்கையில் பதிவுகள் வந்து முடிகின்றன. 12க்கும் 16க்கும் பொது மடங்கு 48. பலகை ஒரு பதிவுக்கு 12 பைட் அனுப்புகிறது, சர்வர் 16 பைட் வாசிக்கிறது. நான்கு அனுப்பினால் மூன்று வாசிப்பு. உங்களுக்கு 'நான்காவது' என்று தெரிவது உண்மையில் அவர்கள் அனுப்பிய ஐந்தாவது பதிவு. இடையிலிருப்பவை கரைந்து போகின்றன.

ஏன் 12, ஏன் 16? 'சார்' ஒரு பைட். அடுத்து வரும் இன்ட் 4 பைட் எல்லையில் உட்கார வேண்டும் என்பதால் கம்பைலர் நடுவே 3 பைட் வெற்றிடம் விடுகிறது. அதுவரை இரண்டு பக்கமும் ஒன்றே. ஆனால் லாங் என்பது 32 பிட் பலகையில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். இதே நிரலை 64 பிட் விண்டோஸில் கட்டினால் மறுபடி 4! ஒரே ஹெடர் ஃபைல் என்று நம்பினீர்கள். ஹெடர் ஒன்றுதான். அதை வாசித்த கம்பைலர்கள் இரண்டு.

அந்த நேரம் ஃபீல்டை அச்சிட்டுப் பார்த்தீர்களா? சரி என்று நீங்கள் நினைக்கும் முதல் பதிவிலும் அது தப்பாகத்தான் இருக்கும். அதன் பின்பாதியில் அடுத்த பதிவின் வகையும் வெற்றிடமும் ஏறியிருக்கும்.

#5 மின்மினி

ஆமாங்க, நேரம் கோடிக்கணக்குல எங்கேயோ நிக்குது. அது வேற பிரச்சனைன்னு தள்ளி வச்சிருந்தேன்.

சரி, லாங்குக்குப் பதிலா 32 பிட்னு அளவு சொல்லி அறிவிச்சு, ஸ்ட்ரக்ட்டுக்கு 'பேக்ட்' (நடுவுல வெற்றிடம் விடாதேன்னு கம்பைலருக்குச் சொல்றது) போட்டு, எல்லா ஃபீல்டுக்கும் பைட் வரிசையைத் திருப்பிட்டா முடிஞ்சுதா?

#6 நத்தை

எதுக்கு இவ்ளோ பாடு? ஜேசன்ல அனுப்புங்க. எழுத்தா போகும், எழுத்தா வரும். பைட் வரிசை, பேடிங், லாங், ஒரு மண்ணும் கிடையாது. கண்ணால படிச்சு டீபக் பண்ணலாம். எண்பதுகளோட தலைவலியை இன்னும் ஏன் சுமக்கணும்?

#7 கல்வெட்டு

மின்மினி, இன்றைக்கு ஓடும். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் நெறிமுறை எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டால் "ஹெடர் ஃபைலைப் பார், அதோடு நான் எந்தெந்த ஃபீல்டைத் திருப்பினேன் என்று என் நிரலையும் பார்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நாளை ஒருவர் பைத்தானில் வாசிக்க வந்தால் உங்கள் சி கம்பைலரின் பழக்கவழக்கங்களை அவர் படிக்க வேண்டும். தரவு எப்படி இருக்கும் என்பதை நிரலுக்கு வெளியே, எந்த எந்திரத்தையும் சாராமல் எழுதி வைக்க ஒரு மொழி வேண்டும். இந்த யோசனை புதிதல்ல.

1987 ஜூனில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆர்எஃப்சி 1014 என்ற இணைய ஆவணமாக வெளியிட்ட எக்ஸ்டிஆர் என்ற தரவு விவரிப்பு மொழி இதற்காகவே வந்தது. சன் பணிநிலையம், வேக்ஸ், ஐபிஎம் பிசி, க்ரே என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத எந்திரங்கள் ஒரே வலையில் பேசிய காலம். சன்னின் 68000 குடும்பம் பெரிய பைட்டை முன்னால் வைக்கும், வேக்ஸ் சின்னதை முன்னால் வைக்கும். வேக்ஸின் மிதவைப் புள்ளி எண் (தசம எண்களை வைக்கும் முறை) ஐ-ட்ரிபிள்-இ 754 என்ற பொதுத்தர வடிவத்தோடும் ஒத்துப்போகாது. 1995இல் ஆர்எஃப்சி 1832, 2006இல் ஆர்எஃப்சி 4506 என்று ஆவணம் புதுப்பிக்கப்பட்டது. அடிப்படை அப்படியே நிற்கிறது.

அதன் விதிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். எல்லாமே 4 பைட்டின் மடங்கு. பெரிய பைட் முன்னால். மிதவை எண் ஐ-ட்ரிபிள்-இ வடிவம். நீளம் மாறும் எதற்கும் முன்னால் 4 பைட்டில் நீளம், பின்னால் 4இன் மடங்கு வரும்வரை பூஜ்யம். ஆம்-இல்லை என்ற ஒரு பிட் தகவலுக்குக்கூட 4 பைட்தான், அதற்காக யாரும் வெட்கப்படவில்லை. 4 என்பது பெரும்பாலான எந்திரங்களுக்குப் பொருந்தும் எல்லை. க்ரேக்கு 8 வேண்டும், ஆனால் அதற்காக 8 ஆக்கினால் எல்லோருடைய தரவும் ஊதிப்போகும். அப்படி ஒரு நடுவழி.

உதாரணத்துக்கு ஒரு அளவீட்டுப் பதிவை இப்படி எழுதலாம் (இங்கே தமிழ் எழுத்தில் போடுகிறேன், கருவிக்குக் கொடுக்கும்போது ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்):

    ஸ்ட்ரக்ட் அளவீடு {
        அன்சைன்ட் இன்ட் கருவி;
        ஸ்ட்ரிங் பெயர்<16>;
        இன்ட் அளவு;
        பூல் கதவு_திறந்ததா;
    };

சி போலத் தெரியும், ஆனால் இது நிரல் அல்ல. இதில் கட்டளை எதுவும் எழுத முடியாது, வடிவத்தை மட்டுமே சொல்ல முடியும். இதை ஆர்பிசிஜென் என்ற கருவிக்குக் கொடுத்தால் சி ஹெடரையும் மாற்றும் நிரலையும் அதுவே எழுதித் தரும். கோணல் அடைப்புக்குள் இருக்கும் 16 அதிகபட்ச நீளம்.

#8 கொக்கி

நத்தைக்கு ஒரு வார்த்தை. ஜேசன் எனக்கும் பிடிக்கும், ஆனா "ஒரு மண்ணும் கிடையாது"ன்னு சொல்லாதீங்க. ஜேசன்ல எண் என்ன வகைன்னு விவரிக்கவே இல்லை. 32 பிட்டா, 64 பிட்டா, மிதவையா? வாசிக்கிறவன் இஷ்டம்.

நான் முன்னாடி இருந்த இடத்துல கருவி எண்கள் 64 பிட். சர்வர்ல ரெண்டு கருவி தனித்தனியா இருக்கு, உலாவியில தெரியுற பட்டியல்ல ஒரே கருவியா ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒண்ணோட எண் 9007199254740992, இன்னொண்ணு 9007199254740993. ஜாவாஸ்க்ரிப்ட் ரெண்டையும் 64 பிட் மிதவையா வாங்குது, அதுல 53 பிட்டுக்கு மேல துல்லியம் கிடையாது, கடைசி 3 சத்தமில்லாம 2 ஆயிடுச்சு. பைத்தான்ல டெஸ்ட் எழுதினோம், அங்க அத்தனையும் பாஸ். பிழைச் செய்தின்னு ஒண்ணு வந்திருந்தா அரை நாள்ல முடிஞ்சிருக்கும். எங்களுக்கு ஒரு வாரம் போச்சு. கடைசில எண்ணை மேற்கோள் குறிக்குள்ள எழுத்தா அனுப்பினோம். ட்விட்டரும் ஒரு காலத்துல இதே காரணத்துக்காக எண் ஒண்ணு, அதையே எழுத்தா இன்னொண்ணுன்னு ரெண்டு ஃபீல்டா கொடுத்துச்சு.

#9 நத்தை

சரி, எண் விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா எக்ஸ்டிஆரைத் தூக்கி வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. ரெண்டு இன்டெல் எந்திரம் பேசுதுன்னு வைங்க. அனுப்புறவர் ஒவ்வொரு எண்ணையும் தலைகீழாக்கணும், வாங்குறவர் அதை மறுபடி நிமிர்த்தணும். எதுக்கு இந்த வேலை? அனுப்புறவர் தன் வழக்கப்படி அனுப்பட்டும், "இது சின்ன பைட் முன்னால்"னு ஒரு கொடி வைக்கட்டும். தேவைப்பட்டா வாங்குறவர் திருப்பிக்கட்டும்.

#10 கல்வெட்டு

அப்படியும் செய்தார்கள். அதற்குப் பெயரே 'வாங்குபவர் திருத்துவார்'. டிசிஇ ஆர்பிசியின் (ஆர்பிசி என்றால் வேறு எந்திரத்திலுள்ள செயலை வலைவழி அழைக்கும் முறை) என்டிஆர் வடிவம் அந்த வழி. செய்தித் தலைப்பிலேயே பைட் வரிசை, எழுத்து முறை ஆஸ்கியா எப்சிடிக்கா, மிதவை எண் ஐ-ட்ரிபிள்-இயா வேக்ஸா க்ரேயா ஐபிஎம்மா என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதே வகையைச் சேர்ந்த கோர்பாவும் பைட் வரிசைக்கு ஒரு கொடி வைத்தது.

அந்தச் சீட்டைக் கவனியுங்கள். வாங்குபவர் உலகத்திலிருக்கும் எல்லா வடிவத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எக்ஸ்டிஆரில் ஒவ்வொரு எந்திரமும் தன்னுடையதையும் பொதுவானதையும் தெரிந்துகொண்டால் போதும். அதைவிட முக்கியம் ஒன்று: உங்கள் ஆய்வகத்தில் எல்லாமே இன்டெல் என்றால், அந்தத் திருப்பும் நிரல் ஒருமுறைகூட ஓடியிருக்காது. முதல் பவர்பிசி பலகை வந்து இணையும் நாளில்தான் அது முதன்முதலாக ஓடும், அன்றுதான் அதன் பிழைகள் வெளியே வரும். எக்ஸ்டிஆர் நிரல் தினமும் ஓடித் தேய்ந்த பாதை. திருப்பும் செலவைப் பற்றிச் சொன்னால், இன்டெல்லில் 486 காலத்திலிருந்தே அதற்கு ஒற்றைக் கட்டளை இருக்கிறது.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. இன்றைய எந்திரங்களில் பெரும்பாலானவை சின்ன பைட் முன்னால் வைப்பவை. இன்றைக்கு யாராவது பொது வடிவத்தைப் புதிதாகத் தேர்ந்தெடுத்தால் அதைத்தான் எடுப்பார்கள். 2013இல் வந்த கேப்ன் ப்ரோட்டோவும் 2014இன் ஃபிளாட்பஃபர்ஸும் அப்படித்தான் எடுத்தன. எது முன்னால் என்பது பெரிய சங்கதி இல்லை. ஒன்றே ஒன்று என்று முடிவு செய்துவிட்டால் போதும்.

#11 எட்டுக்கால்

தொலைத்தொடர்புத் துறையிலிருந்து ஒரு குரல். எக்ஸ்டிஆருக்கு முன்னாடியே 1984ல எக்ஸ்.409ங்கிற தொலைத்தொடர்புத் தரம் இருந்துச்சு, அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏஎஸ்என்.1ங்கிற விவரிப்பு மொழி. பழசுன்னு நினைக்காதீங்க. உங்க உலாவி ஒவ்வொரு பாதுகாப்பான இணைப்புக்கும் திறந்து பார்க்கிற எக்ஸ்.509 சான்றிதழ் ஏஎஸ்என்.1தான். உங்க செல்ஃபோன் கோபுரத்தோட பேசுற ஆர்ஆர்சி செய்திகளும் அதுதான்.

எக்ஸ்டிஆர்லேருந்து இதுக்கு இருக்கிற பெரிய வித்தியாசம், ஏஎஸ்என்.1 விவரிப்பையும் பைட் ஆக்குற முறையையும் பிரிச்சு வச்சிருக்கு. ஒரே விவரிப்பு. அதை பிஇஆர்ங்கிற முறையில எழுதினா ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னாடி "நான் முழு எண், என் நீளம் இவ்வளவு"ன்னு சீட்டு ஒட்டிக்கிட்டுப் போகும். பிஇஆர் கொஞ்சம் தளர்ச்சியானது, ஒரே மதிப்பைப் பல விதமா எழுத விடும். 'உண்மை'ங்கிறதுக்கு பூஜ்யம் தவிர எந்த பைட்டும் செல்லும். டிஜிட்டல் கையெழுத்துப் போடுற இடத்துல அது ஆகாது, ஒரு பிட் மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. அதனால டிஇஆர்: உண்மைன்னா 255 மட்டும்தான். காத்துல போற அலைவரிசைக்கு பிஇஆர். (பெயர்க் குழப்பம் வேண்டாம், இது சுருக்கிக் கட்டுற வகை, ஆங்கிலத்துல 'பேக்ட்'ல ஆரம்பிக்கிற பிஇஆர்.) அதுல 0லிருந்து 7 வரைதான் வரும்னு விவரிப்புல எழுதியிருந்தா 3 பிட்டுதான் எடுத்துக்கும்.

கஷ்டம் என்னன்னா, இதைப் படிக்கிறவங்க பாதி வழியிலேயே ஓடிடுவாங்க. நானும் ஒரு தடவை ஓடினேன், சம்பளம்தான் திருப்பிக் கூட்டிட்டு வந்துச்சு.

#12 மின்மினி

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் வெறுமனே படிச்சா ஏறாதுன்னு, நேத்து ராத்திரி ஒரே பதிவை மூணு முறையில கையாலேயே எழுதிப் பார்த்தேன். கருவி 7, பெயர் "வடக்கு", அளவு -5, கதவு திறந்திருக்கு. பைட்டுகளைப் பத்தடிமானத்துல போடறேன்.

எக்ஸ்டிஆர்:

    கருவி: 0 0 0 7
    பெயர் நீளம்: 0 0 0 18
    வ: 224 174 181
    ட: 224 174 159
    க: 224 174 149
    புள்ளி: 224 175 141
    க: 224 174 149
    உகரக்குறி: 224 175 129
    நிரப்பு: 0 0
    அளவு: 255 255 255 251
    கதவு: 0 0 0 1

மொத்தம் 36 பைட். டிஇஆர்ல 31. கருவி 2 1 7, அதாவது முழு எண், ஒரு பைட், 7. அளவு 2 1 251. கதவு 1 1 255. பெயருக்கு முன்னாடி 12 18. எல்லாத்துக்கும் மேல 48 29ன்னு ஒரு மூடி.

ப்ரோட்டோபஃப்ல (இதே மாதிரி இன்னொரு விவரிப்பு மொழி) ஃபீல்டு எண் 1, 2, 3, 4ன்னு கொடுத்தேன். கருவி 8 7ன்னு ரெண்டே பைட்! அசந்துட்டேன். ஆனா அளவை 'இன்ட்32'ன்னு அறிவிச்சா -5க்கு 24 251 255 255 255 255 255 255 255 255 1ன்னு 11 பைட் வருது. மொத்தம் 35. எக்ஸ்டிஆரை விட ஒரே ஒரு பைட்தான் மிச்சம். நான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேனா?

#13 கொக்கி

தப்பே இல்லை, அழகா பண்ணியிருக்கீங்க. ப்ரோட்டோபஃப் எண்ணை 7 பிட் 7 பிட்டா வெட்டி அனுப்பும், சின்ன எண்ணுக்கு ஒரு பைட் போதும். ஆனா எதிர்மறை எண்ணை 64 பிட்டுக்கு நீட்டிட்டுத்தான் வெட்டும், முன்னாடி பூரா 1ஆ நிக்கும், அதனால எப்பவும் 10 பைட். எதிர்மறை வரும்னு தெரிஞ்சா 'எஸ்இன்ட்32'ன்னு அறிவிக்கணும். அது 0, -1, 1, -2, 2ன்னு கோணல்மாணலா எண்ணி வரிசைப்படுத்தும், -5 ஆனது 9 ஆயிடும், 24 9ன்னு ரெண்டு பைட்ல முடியும். மொத்தம் 26.

விவரிப்புல ஒரு எழுத்து கூடுதலா போட்டா 9 பைட் மிச்சம். வகையை விவரிக்கிறதுன்னா பெயர் வைக்கிறதோட முடியலை. அதுல என்ன மதிப்பு வரும்னு யோசிச்சாகணும்.

#14 மின்மினி

அருமை. இன்னொண்ணு. இதையே எக்ஸ்டிஆர்ல நிஜமா ஓட விட்டா பதிவு போகவே மாட்டேங்குது, மாற்றும் ஃபங்ஷன் 'பொய்'னு திரும்புது. "கிணறு"ன்னு பெயர் வச்சா போகுது, "வடக்கு"ன்னா போகலை!

#15 கல்வெட்டு

நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்: பெயர் நீளம் 18. விவரிப்பில் நான் போட்ட எல்லை 16. தவறு என்னுடையது, ஆங்கிலப் பெயர் என்று நினைத்துப் போட்டேன். இந்த 16 எழுத்துக் கணக்கு அல்ல, பைட் கணக்கு. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளியும் உகரக்குறியும்கூடத் தனித்தனி 3. "கிணறு" கண்ணுக்கு மூன்றெழுத்து. க, இகரக்குறி, ண, ற, உகரக்குறி என்று ஐந்து குறியீடு, 15 பைட், நுழைந்துவிட்டது. "வடக்கு" நான்கெழுத்து, ஆறு குறியீடு, 18 பைட், வெளியே நின்றுவிட்டது.

ஆவணப்படி எக்ஸ்டிஆரின் ஸ்ட்ரிங் என்பது ஆஸ்கி பைட்டுகள்தான். வேறு மொழி அனுப்ப வேண்டுமென்றால் நேர்மையான வழி, என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்புப் பகிர்வு) நான்காம் பதிப்பு செய்தது போல 'ஒபேக்' (உள்ளே என்ன என்று பார்க்காத வெறும் பைட்டுகள்) என்று அறிவித்து, உள்ளே இருப்பது யூடிஎஃப்-8 என்று குறிப்பில் எழுதுவது.

தமிழுக்கென்றே இன்னொரு கண்ணி இருக்கிறது. 'கொ' என்பதை க உடன் ஒகரக்குறி ஒன்று சேர்த்து 6 பைட்டிலும் எழுதலாம், எகரக்குறியும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்த்து 9 பைட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பெயரை வைத்துக் கருவியைத் தேடுகிறீர்கள் என்றால் 'கொல்லை' என்ற பெயரில் இரண்டு கருவி முளைக்கும். அனுப்பும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், என்எஃப்சி என்று பெயர்.

#16 நத்தை

பாருங்க, நாப்பது வருஷமா 'ஸ்ட்ரிங்'னு ஒரு வகையைக்கூட முழுசா விவரிச்சு முடிக்கலை.

#17 தாழ்ப்பாள்

எல்லாரும் அனுப்புறதைப் பத்தியே பேசறீங்க. வாங்குற பக்கத்துலேருந்து ஒரு எச்சரிக்கை. அந்த 0 0 0 18 இருக்கே, அது நீளம் இல்லை. நீளம்னு அனுப்பினவர் *சொல்றது*. அங்க 255 255 255 255 வந்தா 400 கோடி பைட்டுக்கு மேல மெமரி கேப்பீங்களா?

2002ல இது சும்மா பேச்சா இல்லாம நிஜமாவே வெடிச்சுது. சன்னோட எக்ஸ்டிஆர் நூலகத்திலிருந்து கிளைச்ச பல நூலகங்கள்ல, வரிசையில எத்தனை உறுப்புன்னு வந்த எண்ணை ஒரு உறுப்போட அளவால பெருக்கி மெமரி கேப்பாங்க. பெருக்குத்தொகை 32 பிட்டைத் தாண்டினா சுருண்டு சின்ன எண்ணா ஆயிடும். கொஞ்சூண்டு மெமரி வாங்கிட்டு அதுக்குள்ள மூட்டை மூட்டையா எழுதும். ஒரே மூல நிரல் பல இயங்குதளத்துல பரவியிருந்ததால ஓட்டையும் எல்லா இடத்துலயும். அதே வருஷம் ஏஎஸ்என்.1 பக்கமும் அடி. ஃபின்லாந்தோட ஊலு பல்கலைக்கழகத்துக்காரங்க எஸ்என்எம்பி (வலைக் கருவிகளைக் கண்காணிக்கிற நெறிமுறை, ஏஎஸ்என்.1ல எழுதினது) செய்திகளைக் கோணலாக்கி அனுப்பிப் பார்த்ததுல ஏகப்பட்ட நிறுவனங்களோட கருவிகள் மல்லாந்துச்சு.

அதனால அந்த <16>ஐ தூக்கிட்டு வெறும் <>னு போட்டுடாதீங்க. வெறும் <>னா எல்லை 429 கோடி. 16 பத்தலைன்னா 60 போடுங்க, ஆனா ஒரு எண் போடுங்க. ஸ்ட்ரக்ட்டை அப்படியே அனுப்பினப்போ சார்க்குப் பின்னால போன 3 பைட் வெற்றிடம் வெற்றிடமே இல்லை, அதுல உங்க மெமரியில ஏற்கெனவே கிடந்த எதுவோ போயிருக்கு. கடவுச்சொல்லோட துண்டுகூட இருக்கலாம். எக்ஸ்டிஆர்ல நிரப்பு பைட் கண்டிப்பா பூஜ்யம்.

#18 கொக்கி

நிரப்பு பூஜ்யமா இருக்கணும்ங்கிறதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஒரு மதிப்புக்கு ஒரே ஒரு பைட் வரிசைதான் இருக்க முடியும், அதனால அப்படியே ஹேஷ் போடலாம், கையெழுத்துப் போடலாம். ஸ்டெல்லர் பிளாக்செயின் பரிவர்த்தனைகள் எக்ஸ்டிஆர்லதான் இருக்கு. ப்ரோட்டோபஃப் அந்த உறுதியைத் தராது.

ஆனா எக்ஸ்டிஆரோட பலவீனத்தையும் யாராவது சொல்லணும். கம்பியில வகைத் தகவல் எதுவும் போறதில்லை. நாளைக்கு நடுவுல ஒரு ஃபீல்டு சேர்த்தா பழைய ப்ரோக்ராம் அடுத்ததெல்லாம் மாத்தி வாசிக்கும். மின்மினியோட 12-16 கதைதான் திரும்ப.

#19 கல்வெட்டு

அதை அவர்கள் வேறு தளத்தில் தீர்த்தார்கள். எக்ஸ்டிஆர் தனியாக வரவில்லை, ஆர்பிசியோடு வந்தது. ஒவ்வொரு அழைப்பிலும் நிரல் எண், பதிப்பு எண், செயல் எண் மூன்றும் முன்னால் போகும். என்எஃப்எஸ்ஸின் நிரல் எண் 100003. பதிப்பு 2இல் ஒரு விவரிப்பு, 3இல் வேறு விவரிப்பு. பழையதில் ஃபீல்டு சேர்ப்பது கிடையாது, புதுப் பதிப்பு எழுதுவார்கள். நேரத்தையே பாருங்கள்: மூன்றாம் பதிப்பில் விநாடி 32 பிட் குறியில்லா எண், நான்காம் பதிப்பில் 64 பிட் எண். நடுவில் யாரும் ரகசியமாக அகலப்படுத்தவில்லை.

ஆர்பிசி இல்லாமல் எக்ஸ்டிஆரை மட்டும் எடுத்தால் பதிப்பு எண்ணை நீங்களே முதல் ஃபீல்டாக வையுங்கள். விவரிப்பில் அதை வைத்துக் கிளை பிரியும் யூனியன் எழுதலாம்.

#20 கொக்கி

ப்ரோட்டோபஃப் ஃபீல்டுக்கு எண் கொடுத்து இதைச் சமாளிக்குது, தெரியாத எண் வந்தா தாண்டிப் போயிடும். வசதிதான். அந்த வசதியாலேயே நான் ஒரு தடவை மாட்டினேன்.

ஒரு திட்டத்துல ஃபீல்டு 4 ஈரப்பதம், சதவீதம். அந்த உணர்கருவியை நிறுத்திட்டோம், யாரோ (யாரோ என்ன, நான்தான்) அந்த வரியை அழிச்சுட்டு, கொஞ்ச நாள் கழிச்சு 4 காலியா இருக்கேன்னு பேட்டரி அளவுக்குக் கொடுத்துட்டேன். அதுவும் சதவீதம். பழைய சர்வர் ஒண்ணு எங்கேயோ ஒரு மூலையில ஓடிக்கிட்டு இருந்துச்சு, பேட்டரியை ஈரப்பதம்னு நினைச்சு வரைபடம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. வகை சரி. எல்லை சரி, 0லிருந்து 100தான். எந்தச் சோதனையும் கத்தலை. ராத்திரி ஏறி பகல்ல இறங்குது, ஈரப்பதம் அப்படித்தானே இருக்கும்! ராத்திரியில சார்ஜ் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. மூணு மாசம் கழிச்சு ஒருத்தர் 100லேயே அசையாம நிக்குதேன்னு கேட்டப்போதான் வெளிச்சம். ஃபீல்டை அழிச்சா அந்த எண்ணை 'ரிசர்வ்ட்'னு எழுதிப் பூட்டி வைக்கணும். இப்போ பூட்டாம தூங்கறதில்லை.

#21 எட்டுக்கால்

1999 செப்டம்பர்ல நாசாவோட செவ்வாய்க் காலநிலை விண்கலம் தொலைஞ்சதும் இந்தச் சாதிதான். ஒரு பக்கம் உந்துவிசையை பவுண்டு-விநாடியில எழுதினாங்க, வாசிச்ச பக்கம் நியூட்டன்-விநாடின்னு எடுத்துக்கிட்டாங்க. எண்ணாப் பார்த்தா எந்தக் குறையும் இல்லை. நாம பேசுற இந்த விவரிப்பு மொழிகள் எதுலயும் அலகுன்னு ஒரு இடம் கிடையாது. நான் ஃபீல்டு பெயர்லேயே அலகை ஒட்டிடுவேன்: 'வெப்பம்_செல்சியஸ்_பத்திலொன்று'. அசிங்கமா இருக்கும், பரவாயில்லை.

#22 மின்மினி

முடிவு பண்ணிட்டேன், சொல்லிடறேன். எக்ஸ்டிஆர்தான். பலகையில ப்ரோட்டோபஃப் நூலகத்துக்கு இடம் இருக்கும் போலத்தான், ஆனா எங்களுக்கு ஃபீல்டு அடிக்கடி மாறப் போறதில்லை, 36 பைட் எனக்குச் சுமையும் இல்லை. மாற்றும் நிரலைக் கண்ணால படிக்க முடியுதுங்கிறது பெரிய நிம்மதி. அளவு ஃபீல்டுக்குப் பெயரை எட்டுக்கால் சொன்ன மாதிரி மாத்திட்டேன். பெயர்<60>. நேரம் 64 பிட் 'ஹைப்பர்'. முதல் ஃபீல்டு பதிப்பு எண், 2.

சிக்கல் என்னன்னா, ஏற்கெனவே வெளியில இருக்கிற பலகைகள் பழைய 12 பைட் ஸ்ட்ரக்ட்டைத்தான் அனுப்பும், எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த முடியாது. சர்வர் ரெண்டையும் வாங்கணும். யோசிச்சேன்: புதுசுல முதல் 4 பைட் 0 0 0 2. பழசுல முதல் பைட் வகை, அது 1லிருந்து 4 வரை. ஆக, இணைப்போட முதல் பைட் 0ன்னா புதுசு, இல்லைன்னா பழசு. சரியா வருமா?

#23 தாழ்ப்பாள்

பழைய பலகை எதுவுமே வகை 0 அனுப்பாதுன்னு நிரலைப் பார்த்துச் சொல்றீங்களா, ஞாபகத்துல சொல்றீங்களா?

#24 மின்மினி

...ஐயோ. இப்பதான் பார்த்தேன். 0 = சோதனை முறை. பலகையில பட்டனை அழுத்தினா 0தான் போகும்.

அடுத்த மூணு பைட்டையும் சேர்த்துப் பார்க்கலாம்னா, அது அந்த வெற்றிடம், என்ன குப்பை வேணா இருக்கும். 0 0 2னுகூட வரலாம்.

#25 கல்வெட்டு

முதல் பைட் பழையதில் வரவே முடியாத ஒன்றாக இருக்கட்டும். பதிப்பு எண் 2 என்பதற்குப் பதிலாக 218 0 0 2 என்று தொடங்குமாறு ஒரு மாறிலி வையுங்கள். எண்ணாக 3657433090. விவரிப்பில் குறியில்லா எண் என்று அறிவிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் மறுபடி ஒரு எதிர்மறை எண்ணோடு இங்கே வந்து நிற்பீர்கள்.

#26 நத்தை

வேற போர்ட் ஒண்ணு திறந்து புதுசை அதுல வாங்கினா இந்தக் கூத்தே வேண்டாமே?

#27 மின்மினி

ஃபயர்வால்ல புது போர்ட் கேட்டு எழுதிக் கொடுத்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் பரிசீலனையில இருக்கு. 3657433090தான்.